சுவரில் இருவர்: சொஃபனியின் ஓவியமும் பெண்டிரின் இருக்கையும்

ஓர் ஓவியத்திலே யார் யார் எழுதப்பட்டுள்ளனர் என்பது ஒரு வினா. அவர்கள் எவ்விடத்தில் எழுதப்பட்டுள்ளனர் என்பது பிறிதொரு வினா. முதல் வினாவோடு அமைந்துவிடுவோர் ஓவியத்தைப் பெயர்ப் பட்டியலாகவே படிப்பர். இரண்டாம் வினாவையும் எழுப்புவோர்க்கே அதன் உட்கருத்துப் புலனாகும். சைவத் திருக்கோயில்களிலே அறுபத்துமூவர் வரிசையைக் கண்டு வணங்குவோர், ஏனைய நாயன்மார் நிற்கக் காரைக்காலம்மையார் மட்டும் அமர்ந்திருக்கும் காட்சியால் அவருக்குரிய தனிப்பெருமையை உணர்வர். ஆங்கே நூலெதுவும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இடமே உரையாகி நிற்கின்றது. இவ்வளவுகோலைக் கொண்டு ஐரோப்பியக் கலையுலகிற் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றனை அளந்து காணின், கலையும் சமுதாயமும் ஒன்றையொன்று எவ்வாறு காட்டிக்கொடுக்கின்றன என்பது விளங்கும்.

இலண்டன் மாநகரிலுள்ள அரச கலைக்கழகம் 1768 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 10 ஆம் நாள், மூன்றாம் யோர்ச் மன்னர் ஒப்பமிட்ட ஆவணத்தால் நிறுவப்பெற்றது. அவ்வாவணத்தில் உறுப்பினராகப் பெயர் குறிக்கப்பட்ட கலைஞர் 34 பேர். அவருள் இருவர் பெண்டிர். ஒருவர் அஞ்சலிக்கா கௌஃப்மன். மற்றவர் மேரி மோசர். கௌஃப்மன் 1741 இல், இன்று சுவிற்சர்லாந்தின் பகுதியாகிய கூர் நகரிலே பிறந்து, ஓவியராகிய தந்தையிடமே பயின்று, இத்தாலியிற் புகழீட்டி, 1766 இல் இலண்டனை அடைந்தவர். உரோமாபுரியின் சன் லூக்கா கலைக்கழகம் 1765 ஆம் ஆண்டிலேயே அவரைத் தன் உறுப்பினராக ஏற்றிருந்தது. மோசர் மலரோவியத்திலே தேர்ந்தவர். கழகம் தோன்றியபோது அவருக்கு வயது 24. ஆகவே, இருவரும் எவரது இரக்கத்தாலும் இடம்பெற்றவரல்லர். தம் தொழிற்றிறத்தால் இடம்பெற்றவர்.

எனினும், அவ்வாவணத்திலேயே ஒரு முரண்பாடு உண்டு. உறுப்பினர்க்குரிய தகுதிகளை வகுத்துக் கூறுமிடத்து அது நல்லொழுக்கமுடைய ஆடவர் என்றே பேசுகின்றது. பெயர்களை நிரல்படுத்தும் இடத்திலோ பெண்டிர் இருவரை ஏற்றுக்கொள்கின்றது. சொல் அடைத்த கதவைச் செயல் திறந்தது. பின்வந்த தலைமுறையினர் செயலைப் பின்பற்றினரா, சொல்லைப் பின்பற்றினரா என்பதே அக்கழகத்தின் வரலாற்றிலே ஆராயத்தக்க பகுதியாகும்.

யோகான் சொஃபனி என்பவர் யேர்மனியிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஓவியர்; பிற்காலத்தில் இந்தியா சென்று கல்கத்தாவிலும் இலக்னோவிலும் பணிபுரிந்தவர். அவர் 1769 இலேதான், அதாவது மேற்கூறிய பெண்டிர் இருவருக்கும் பின்னர், மன்னரின் நியமனத்தாற் கழக உறுப்பினரானார். 1771 இலும் 1772 இலும் மன்னருக்காக அவர் தீட்டியதே கழக உறுப்பினரைக் காட்டும் பெரும்புகழ் வாய்ந்த குழுவோவியம். 1772 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அது, இன்றும் அரச குடும்பத்தின் ஓவியத் தொகுதியில் உள்ளது.

ஓவியத்தின் களம் உயிருருவ வரைதல் வகுப்பு நிகழும் கூடம். மேலே தொங்கும் விளக்கின் ஒளியிலே கழகத்தார் குழுமி நிற்கின்றனர். கழகத்தின் முதல் தலைவர் யோசுவா றெனோல்ட்ஸ் தம் செவிக்குழலுடன் நடுவண் காணப்படுகின்றார். உடற்கூற்றியற் பேராசிரியர் வில்லியம் ஹன்ரர் மாதிரியாளனைக் கூர்ந்து நோக்குகின்றார். வலப்புறத்தே ஆடையற்ற ஆடவன் ஒருவன் அமர்ந்திருக்க, கழகப் பள்ளியின் காப்பாளராகிய யோர்ச் மைக்கேல் மோசர் அவன் நிலையைச் செம்மைப்படுத்துகின்றார். முன்புறத்திலே மற்றொரு மாதிரியாளன் ஆடை களைகின்றான். இடப்புற ஓரத்திலே, வண்ணத்தட்டைக் கையிலேந்தியவராய்ச் சொஃபனி தம்மையும் எழுதிக்கொண்டுள்ளார். உடல்களின் அமைவு, ஒளியின் பரவல், முகங்களின் தனித்தன்மை ஆகியன யாவும் தேர்ந்த கையின் ஆக்கங்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயின், பெண்டிர் இருவரும் எங்கே? அவர்கள் கூட்டத்தில் இல்லை. வலப்புறச் சுவரிலே சட்டமிட்டுத் தொங்கும் இரு முகப்படங்களாக அவர்கள் காட்சியளிக்கின்றனர். உறுப்பினர் எழுதும் கையினராயிருக்க, இவர்கள் எழுதப்பட்ட பொருளாயினர். ஆடவர் ஒருவரோடொருவர் உரையாட, இவர்கள் வாய்திறவாச் சித்திரமாயினர். இன்னும் நுணுகி நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும். மாதிரியாளனின் நிலையைத் திருத்தும் காப்பாளர் மோசர், மேரி மோசரின் தந்தையாவர். தந்தை கூடத்தின் நடுவே தொழில் புரிய, அவரோடு ஒத்த உறுப்பினராகிய மகள் சுவரிலே தொங்குகின்றார். கூடத்தில் உண்மையாகவே கிடக்கும் பெண்ணுருவம் ஒன்றுண்டு. அது தரையிற் கிடக்கும் தலையற்ற பெண்ணுடற் சிலை. அதன்மீது றிச்சட் கொஸ்வே என்னும் ஓவியர் தம் கைத்தடியை ஊன்றி நிற்கின்றார். இவ்வொரு சிறு செய்கை அவ்வறையின் இயல்பை நன்கு எடுத்துக்காட்டுகின்றது.

சொஃபனியின் சார்பிலே கூறத்தக்க நியாயங்களும் உள. ஆடையற்ற ஆடவன் முன்னிலையிற் பெண்டிரை நிறுத்தி எழுதின், அக்காலத்து மக்கள் அதனை இழிவாகவே கொண்டிருப்பர். பழி ஓவியர்மீதன்று, அப்பெண்டிர்மீதே சென்றிருக்கும். அன்றியும், பெரும்புகழ் பெற்ற கேயின்ஸ்பறோ இவ்வோவியத்தில் எவ்வகையாலும் இடம்பெறவில்லை. வாராத ஆடவர் விடுபட, வர இயலாத பெண்டிரைப் படமாகவேனும் உள்ளே கொண்டுவந்தமை ஓவியரின் நன்மனத்துக்குச் சான்று எனலாம். இந்நியாயங்களைத் தள்ளிவிடுதல் நடுநிலைத் திறனாய்வு ஆகாது.

ஆனால், இவற்றை ஏற்றபின்னும் தலையாய வினா எஞ்சி நிற்கின்றது. கழகத்தார் கூடும் இடங்கள் பல இருந்தன. பொதுக்கூட்டம் உண்டு, கண்காட்சிக் கூடம் உண்டு. அவற்றையெல்லாம் விடுத்து உயிருருவ வரைதல் வகுப்பையே சொஃபனி தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் யாது? காரணம் வெளிப்படை. அவ்வகுப்பே கழகத்தின் உயிர்நிலை. அக்காலக் கலைக்கொள்கைப்படி ஓவிய வகைகளுள் வரலாற்றோவியமே தலைசிறந்தது. புராணமும் வரலாறும் வேதாகமக் கதையும் மனித உருவங்களாற் சொல்லப்படுவன. உடலின் தசையும் எலும்பும் அசைவும் அறியாதார் அதனை எழுத வல்லுநராகார். எனவே, அக்கூடத்தினுட் புகும் உரிமை வெறும் வழக்கமன்று. அது கலைஞனின் முதல். அம்முதலை ஆடவர்க்கு அளித்துப் பெண்டிர்க்கு மறுத்த முறைமையையே சொஃபனியின் தூரிகை உள்ளது உள்ளவாறு காட்டிற்று. பிழை ஓவியத்தின் பிழையன்று; ஓவியம் பணிந்து பின்பற்றிய முறைமையின் பிழை. எனினும், ஒரு பிழையை அழகுறக் காட்டும்போது அதனை இயற்கையெனத் தோற்றச் செய்யும் வலிமை கலைக்கு உண்டு. ஆதலின் ஓவியருக்கும் அதிற் பங்குண்டு.

இம்முறைமையின் விளைவு இருவர் கலைவாழ்விலும் தெளிவாகத் தெரிகின்றது. மேரி மோசர் மலர்களை எழுதினார். சார்லற் அரசியார் 1790 ஆம் ஆண்டுகளில் புறொக்மோர் மாளிகையின் ஓர் அறை முழுவதையும் மலரோவியங்களால் அணிசெய்யும் பணியை அவரிடம் ஒப்படைத்து, 900 பவுணுக்கு மேற்பட்ட ஊதியம் வழங்கினார். ஆயினும், கழகத்தின் தரவரிசையிலே மலரோவியம் தாழ்ந்த படியிலேயே வைக்கப்பட்டிருந்தது. உயர்ந்த படிக்கு ஏறும் ஏணியை மறைத்துவிட்டு, தாழ்ந்த படியில் நிற்பதே பெண்டிரின் இயல்பு என்று கூறுதல் எளிது. கௌஃப்மனோ அடங்கவில்லை. அவர் சிலைகளையும், முன்னோர் ஓவியங்களையும், அச்சுப் படங்களையும் துணைக்கொண்டு கற்று, வரலாற்றோவியத்தையே தம் துறையாக்கினார். அவர் எழுதிய ஆடவர் உருவங்கள் மென்மைமிக்கன, பெண்சாயல் உடையன என்பது திறனாய்வாளர் நெடுங்காலம் கூறிவந்த குறை. அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், கற்கும் வாயிலை அடைத்தவர்களே கல்லாமையைக் குற்றமாகச் சாற்றுவது எங்ஙனம் நேர்மையாகும்? ஒரு கலைஞரின் குறையைக் கூறும் திறனாய்வு, அக்குறை பிறந்த இடத்தையும் கூறினாலன்றி முழுமை பெறாது.

சொஃபனியின் ஓவியத்துக்குக் கௌஃப்மன் நேரடியாக விடையிறுத்தாரல்லர். எனினும், அவர் எழுதிய வேறோர் ஓவியத்தை விடையாகக் கொள்ள இடமுண்டு. சொமர்செற் மாளிகையிலே கழகத்துக்கென அமைந்த புதிய கட்டடத்தின் ஆலோசனைக் கூட விதானத்துக்காக, 1778 முதல் 1780 வரையான காலத்தில், அவர் நான்கு நீள்வட்ட ஓவியங்களைத் தீட்டினார். கற்பனை, அமைப்பு, வரைவு, வண்ணம் எனக் கலையின் நான்கு கூறுகளும் நான்கு பெண்ணுருவங்களாக அவற்றில் அமைந்துள்ளன. வண்ணமாகிய பெண் வானவில்லிலே தூரிகையைத் தோய்க்கின்றாள். வரைவாகிய பெண்ணோ எழுதுபலகையைத் தாங்கி, பெல்வெடியர் உடற்சிலை என உலகறிந்த பழைய ஆடவன் சிலையை நோக்கி வரைந்துகொண்டிருக்கின்றாள். கலைகளைப் பெண்ணுருவாக்குதல் ஐரோப்பாவில் பண்டுதொட்டு வந்த மரபே; அதிற் புதுமையில்லை. புதுமை யாதெனின், அப்பெண் ஆடவனின் உடலை ஆராய்ந்து எழுதும் தொழிலிலே ஈடுபட்டிருப்பதாகும். உயிருள்ள மாதிரி அவளுக்கு எட்டவில்லை, கல்லே எட்டிற்று. மறுக்கப்பட்டது யாது, அம்மறுப்பைத் தாண்டி அடையப்பட்டது யாது என்னும் இரண்டையும் ஒரே உருவத்தில் அமைத்த திறன் வியக்கத்தக்கது. பேர்லிங்ரன் மாளிகையிலுள்ள கழகத்தின் முன்மண்டப விதானத்தில் இந்நான்கு ஓவியங்களும் இன்று விளங்குகின்றன.

களம் மாறின் காட்சியும் மாறும் என்பதற்கு 1795 இல் ஹென்றி சிங்கிள்ரன் தீட்டிய மற்றொரு குழுவோவியம் சான்று. அதிலே கழகத்தாரின் பொதுக்கூட்டமே களம். கௌஃப்மனும் மோசரும் அங்கே படமாகத் தொங்கவில்லை. ஏனையோரோடு உடலோடு நிற்கின்றனர். கௌஃப்மன் 1781 இலேயே இங்கிலாந்தை விட்டு நீங்கி உரோமாபுரியில் வாழ்ந்துவந்தார் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதாவது, இலண்டனில் வாழ்ந்தபோது சுவரில் வைக்கப்பட்டவர், இலண்டனை நீங்கியபின் கூட்டத்தில் நிறுத்தப்பட்டார். ஆகவே, ஓவியத்தில் ஒருவருக்கு இடமளிப்பது நேரில் வந்தமையைப் பொறுத்ததன்று. இடமளிப்போர் தெரிந்தெடுக்கும் களத்தைப் பொறுத்தது.

சொஃபனியின் ஓவியத்திலே கவனத்துக்குரிய முகம் இன்னுமொன்று உண்டு. பின்வரிசையில், தலைகளுக்கிடையே சிற்குவா என்னும் சீனக் கலைஞரின் முகம் தோன்றுகின்றது. கன்ரன் நகரிலிருந்து 1769 இல் இலண்டனுக்கு வந்த இவர், களிமண்ணால் மனிதரின் உருவங்களை வனைவதில் வல்லவர். 1770 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இவருடைய ஆக்கமும் இடம்பெற்றது. இவர் கழக உறுப்பினரல்லர். உறுப்பினரல்லாத கீழ்நாட்டு ஆடவர் ஒருவர் கூடத்துள் நிற்க, நிறுவிய உறுப்பினராகிய பெண்டிர் இருவர் சுவரில் நிற்கின்றனர். இதனைக் கொண்டு, அக்கழகம் பிறநாட்டவரை மனமுவந்து ஏற்றது என்று கூறிவிடலாமா? இத்தாலியரும் பிரான்சியரும் யேர்மனியரும் அமெரிக்கராகிய பெஞ்சமின் வெஸ்ற் என்பவரும் தொடக்க உறுப்பினருள் இருந்தனர் என்பது உண்மை. ஆயின், அப்பரந்த மனப்பான்மை ஐரோப்பாவின் எல்லையோடும் அதன் வழித்தோன்றலோடும் நின்றுவிட்டது. சிற்குவா விருந்தினராக நோக்கப்பட்டார், தோழராக ஏற்கப்படவில்லை. கழகத்தின் உறுப்பினராகக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் முதன்முதலிலே தெரிவுசெய்யப்பட்டது 2005 ஆம் ஆண்டிலாகும். அவர் கயானாவிற் பிறந்த பிராங்க் போலிங். கறுப்பினப் பெண்மணி ஒருவர் தெரிவானது 2016 இல். அவர் சோனியா பொய்ஸ். ஒரு கதவு திறந்திருப்பதைக் கொண்டு எல்லாக் கதவும் திறந்துள்ளனவென மயங்குதல் கூடாது என்பதனையே இவ்வாண்டுகள் உணர்த்துகின்றன.

பெண்டிரைப் பொறுத்தமட்டில், தொடக்கத்திலே திறந்த கதவு விரைவில் அடைபட்டது. கௌஃப்மன் 1807 இலும் மோசர் 1819 இலும் மறைந்தனர். அவர் இருக்கைகளுக்குப் பின் பெண் எவரும் வரவில்லை. கழகப் பள்ளியைப் பெண்டிருக்கும் திறத்தல் வேண்டுமென 1859 இல் பெண் ஓவியர்கள் மனுச் செய்தனர். 1860 இல் லோறா ஹேர்போட் என்பவர் தம் முதலெழுத்துக்களை மட்டுமே இட்டு வரைபடங்களை அனுப்பினார். ஆடவரெனக் கருதிய கழகம் அவரைத் தேர்ந்தது. பின்னர் அத்தெரிவை மறுக்கவியலாது ஏற்றுக்கொண்டது. கைத்திறனுக்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை என்பதை இதனினும் தெளிவாக மெய்ப்பிக்கும் சோதனை வேறில்லை. பெயர் மறைந்திருக்கத் தகுதியுடையதாய்த் தோன்றிய வரைபடம், பெயர் வெளிப்பட்டபின் தகுதி குன்றிவிடுமோ?

1874 இல் எலிசபெத் தொம்சன் காட்சிக்கு வைத்த போர்க்கள ஓவியம் இலண்டன் மக்களைத் திரளாக ஈர்த்தது. எனினும், 1879 இல் இணை உறுப்பினர் தெரிவிலே அவர் இரண்டு வாக்குகளால் தோற்றார். கழகப் பள்ளியின் மாணவியர்க்கு உயிருருவ வரைதல் வகுப்பு 1893 இலேதான் கிடைத்தது. அப்பொழுதும் மாதிரியாளர் ஓரளவு ஆடை போர்த்தியிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அனி சுவின்னேற்றன் 1922 இல் இணை உறுப்பினரானார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்துவிட்டார். முழு உறுப்புரிமைக்குத் தெரிவு செய்யப்பட்ட முதற் பெண்மணி லோறா நைற். ஆண்டு 1936. கழகம் நிறுவப்பெற்று 168 ஆண்டுகள் கழிந்திருந்தன.

லோறா நைற் 1913 இல் எழுதிய தன்னுருவப் படம், சொஃபனியின் ஓவியத்தோடு ஒப்புநோக்கற்குரியது. நொற்றிங்ஹாம் கலைப்பள்ளியிற் பயின்ற காலத்திலே, ஆடையற்ற மாதிரியை வரையும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. சுண்ணச்சாந்துச் சிலைகளையே வரைந்து அவர் கற்றார். அத்தகையவர் தம் 36 ஆம் வயதிலே தீட்டிய இவ்வோவியத்தில், செந்நிற மேலாடையும் தொப்பியும் அணிந்து தூரிகையேந்தி நிற்கின்றார். அவருக்கு முன்னே ஆடையற்ற பெண் மாதிரி முதுகு காட்டி நிற்கின்றாள். அருகே அம்மாதிரியை எழுதிக்கொண்டிருக்கும் துணி காணப்படுகின்றது. ஆக, எழுதுபவர், எழுதப்படுபவர், எழுத்து ஆகிய மூன்றும் ஒரே படத்துள் அமைந்துவிட்டன. சொஃபனியின் படத்திலே பெண் சுவரிலே தொங்கும் முகமாகவும் தரையிலே கிடக்கும் சிலையாகவும் மட்டுமே இருந்தாள். இப்படத்திலே அவள் நோக்குபவள், ஆராய்பவள், ஆக்குபவள். மாதிரியாக நிற்பவரும் ஓவியரின் தோழியான கலைஞர் எல்லா நேப்பர் ஆவர் என்பது அறியப்படும்போது, அங்கு ஆண்டான் அடிமை என்னும் உறவின்றித் தொழிற்றோழமையே நிலவுதல் விளங்குகின்றது. படத்திற் குறையில்லாமலில்லை. செந்நிறத்தின் மிகுதி கண்ணை உறுத்துகின்றதெனலாம். மூன்று உருவங்களையும் இணைக்கும் அமைப்பு சற்று நெருக்கமானதெனலாம். ஆனால், அப்படத்தின் பொருள் துணிவோடு கூறப்பட்டது. இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்திலே அது இன்று உரிய இடம் பெற்றுள்ளது.

இருக்கை கிடைத்த பின்னரும் சமநிலை உடனே கிட்டிவிடவில்லை. கழகத்தின் ஆண்டு விருந்துக்குப் பெண் உறுப்பினர் அழைக்கப்பட்டது 1967 ஆம் ஆண்டிலேதான். உறுப்பினராகி 31 ஆண்டுகள் கழிந்த பின்னரே லோறா நைற் அவ்விருந்தில் அமர்ந்தார். கழகத்தின் தலைவராகப் பெண்மணி ஒருவர், றெபெக்கா சோல்ற்றர், முதன்முறையாகத் தெரிவானது 2019 இல். தலைமைக் காட்சிக்கூடங்கள் முழுவதும் பெண் கலைஞர் ஒருவரின் தனிக்கண்காட்சிக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது 2023 இல். அவர் மரீனா அபிறாமோவிச். நிறுவிய உறுப்பினராகிய கௌஃப்மனின் ஆக்கங்களுக்கெனக் கழகம் 2024 இல் கண்காட்சி நடத்திற்று. ஆக, அவர் படைத்த உருவங்கள் விதானத்தை அலங்கரித்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயிருந்தும், அவரை முழுமையாக மதிப்பிடும் வாய்ப்புக் காலந்தாழ்த்தே வந்தது.

இவ்வரலாற்றினின்று கலைநிறுவனங்கள் யாவும் கொள்ளத்தக்க தெளிவு ஒன்றுண்டு. போற்றுதல் வேறு, பங்களித்தல் வேறு. சுவரிலே படம் மாட்டுவது போற்றுதல். விதானத்திலே உருவம் எழுதுவிப்பது போற்றுதல். ஆண்டுக்கொரு நாள் விழாவெடுத்துப் பெண்மையைப் புகழ்ந்து பேசுவதும் போற்றுதலே. இவை தீயனவல்ல; ஆனால், இவற்றாற் கதவு திறப்பதில்லை. சொஃபனியும் போற்றினார், போற்றியதனாலன்றோ படமாகவேனும் எழுதினார்! ஆனால், அவ்விருவர்க்கு வேண்டியிருந்தது சட்டமிட்ட புகழன்று. கூடத்தில் ஓர் இருக்கையும் எழுதுபலகையுமே.

ஆதலின், ஒரு நிறுவனம் சமத்துவத்தை மெய்யாகவே மேற்கொண்டுள்ளதா என்பதை விழா அழைப்பிதழைக் கொண்டு அளத்தலாகாது. அங்கு யார் எதனைக் கற்க அனுமதிக்கப்படுகின்றனர்? கற்பிப்போர் யாவர்? உறுப்பினரைத் தெரியும் வாக்கு எவர் கையில் உள்ளது? பெருங்கூடம் எவருடைய ஆக்கத்துக்குத் திறக்கப்படுகின்றது? உணவு மேசையில் எவர் அமர்கின்றனர்? இவ்வைந்து வினாக்களுக்கும் கிடைக்கும் விடையே உண்மையான அளவுகோல். பால், இனம், நாடு ஆகிய எதனாலும் வேறுபட்டோர்க்கு இவ்வினாக்கள் ஒருங்கே பொருந்தும். அரச கலைக்கழகம் இவற்றுள் முதல் வினாவுக்கு 1860 இல் விடைகூறத் தொடங்கிற்று. ஏனையவற்றுக்கு விடைகூறி வர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

காலந்தாழ்ந்த நீதியால் இழந்தவை மீள்வதில்லை. உயிருருவ வகுப்பிலே பயின்றிருப்பின் கௌஃப்மன் எத்தகைய வரலாற்றோவியங்களை எழுதியிருப்பார் என்பதை எவரும் இனி அறியமாட்டார். மோசர் மலரினும் வேறொன்றை விரும்பியிருப்பாரோ என்பதும் அவ்வாறே. கதவு அடைபட்டிருந்த காலத்திலே தூரிகையையே தொடாது ஒழிந்த பெண்டிரின் பெயர்களை எந்நூலும் கூறவில்லை. எச்சுவரிலும் அவர்க்குப் படமில்லை. கலையுலகம் தன் அநீதியால் அவர்களை மட்டும் வறியராக்கவில்லை, தன்னையும் வறியதாக்கிக்கொண்டது. சொஃபனியின் ஓவியம் காண்போர்க்கு இன்றும் இன்பம் பயக்கின்றது. அவ்வின்பத்தோடு, அதன் வலப்புறச் சுவரில் நிழலாடும் இரு முகங்களின்மீதும் கண் செல்லுமாயின், அதுவே அவ்வோவியத்தை முழுமையாகக் கண்டதாகும்.